கதீட்டரை எடுத்த பிறகு ஒழுகும் சிறுநீர்: எந்தத் தசையை, எப்போது இறுக்குவது?

புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியை முழுவதுமாக எடுத்தவர்களுக்கு, ஆபரேஷன் முடிந்து ஒன்று இரண்டு வாரத்தில் யூரின் டியூபை, அதாவது கதீட்டரை, கழற்றுவார்கள். பல பேருக்கு அன்றைக்குத்தான் அதிர்ச்சி. கட்டி போய்விட்டது, வயிற்றுத் தையல் ஆறி வருகிறது, இனி வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று எழுந்து நிற்பார். நின்ற மாத்திரத்தில் தொடையில் சூடாக ஒழுகும். நிறுத்தப் பார்த்தால் நிற்காது. "சின்னப் பிள்ளை மாதிரி ஆயிட்டேன் தம்பி" என்று எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கியிருக்கிறார். நான் ஃபிசியோதெரபிஸ்ட். முட்டிவலி, கழுத்துவலி என்று வருகிறவர்கள் கதவைத் திறந்ததுமே வலியைச் சொல்லிவிடுவார்கள். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் மட்டும் மகனையோ மருமகனையோ பேசவிட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒழுகுவது அந்த ஆபரேஷனில் எதிர்பார்க்கிற விஷயம்தான். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப்போகக் குறைந்துவிடும். அதற்கு உதவியாகப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சியை "ஒரு நாளைக்கு இத்தனை தடவை ஆசனவாயை இறுக்குங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எத்தனை தடவை என்பதைப் பிறகு பார்க்கலாம். எங்கே இறுக்க வேண்டும், எப்போது இறுக்க வேண்டும் என்று தெரியாமல் நாள் முழுக்கச் செய்தாலும் பேட் நனைவது நனைந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். சிறுநீர்ப்பையை ஒரு ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மதகு. மேல் மதகு பையின் வாயிலேயே இருக்கிறது. நம்மைக் கேட்காமல் தானாக மூடிக்கொண்டிருக்கும், தூக்கத்திலும் மூடியே இருக்கும். கீழ் மதகு கொஞ்சம் தள்ளி, இடுப்புக்கூட்டின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளையம் போல இருக்கிற தசை. பஸ்ஸில் வரும்போது அவசரம் வந்தால் அடுத்த ஊர் வரை அடக்கிக்கொண்டு வருகிறோமே, அது இந்தக் கீழ் மதகின் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் குழாயைச் சுற்றிப் பெரிய நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருப்பதுதான் புராஸ்டேட்.

சுரப்பியை முழுசாக எடுக்கும்போது அதற்குள் ஓடுகிற குழாய்த் துண்டும் சேர்ந்தே போய்விடும். அப்புறம் சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே இறக்கி, மிச்சமிருக்கும் குழாயோடு சேர்த்துத் தைப்பார்கள். வயிற்றைத் திறந்து செய்தாலும், துளை போட்டுச் செய்தாலும், ரோபோ வைத்துச் செய்தாலும் இது மாறாது. அந்தத் தையல் ஆறுவதற்காகத்தான் டியூபை உள்ளே விட்டு வைக்கிறார்கள். இந்த வேலையில் மேல் மதகு பெரும்பாலும் பழையபடி இருக்காது. கீழ் மதகு இருக்கும். ஆனால் பக்கத்திலேயே கத்தி போயிருப்பதால் அதன் தசையும் நரம்பும் கொஞ்ச காலம் சோர்ந்து கிடக்கும். அறுபது வருஷமாக அவசரத்துக்கு மட்டும் கை கொடுத்துக்கொண்டிருந்த அந்தத் தசை இப்போது காலையிலிருந்து ராத்திரி வரை தனியாகக் காவல் காக்க வேண்டும், அதுவும் அடிபட்ட உடம்போடு.

இதைப் புரிந்துகொண்டால் ஒழுகுவதன் போக்கும் புரிந்துவிடும். படுத்திருக்கும்போது வயிற்றின் அழுத்தம் கீழ் மதகை அதிகம் தாக்காது, அதனால் ராத்திரி பலருக்குக் காய்ந்தே இருக்கும். "ராத்திரி ஒண்ணும் இல்ல, பகல்லதான் இந்த அவஸ்தை" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் கீழ் மதகு கொஞ்சமாவது பிடிக்கிறது என்று அர்த்தம். எழுந்து நின்றால், இருமினால், குடத்தைத் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும், மதகு தோற்றுவிடும். காலையில் பரவாயில்லாமல் இருந்தது சாயங்காலம் மோசமாவதற்கும் இதுதான் காரணம்: தசை களைத்துவிடுகிறது. சாயங்கால ஒழுகலைப் பார்த்து "திரும்ப முதலிலிருந்தா" என்று மனம் உடைகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய் இல்லாமல் வெறும் வீக்கத்துக்காக, குழாய் வழியாகவே கருவியை விட்டுச் சுரப்பியின் உட்புறத்தைச் சுரண்டி எடுப்பார்களே, அது வேறு ஆபரேஷன். அதற்குப் பிறகு வருகிற ஒழுகல் பெரும்பாலும் அவசரத்தால் வருவது, அதாவது பாத்ரூம் போவதற்குள் வந்துவிடுவது. உள்புண் ஆற ஆறச் சில வாரங்களில் அடங்கும். அவர்களில் இருமினால் ஒழுகுகிறவர்கள் ரொம்பக் குறைவு. இன்னொன்று, டியூபை எடுத்த பிறகு சொட்டுச் சொட்டாக மட்டும் வருகிறது, அடிவயிறு கல் மாதிரி உப்பி வலிக்கிறது என்றால் பை நிரம்பி வழிகிறது என்று பொருள். அதற்குப் பயிற்சி கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளிர் காய்ச்சல் வந்தாலும், ரத்தக் கட்டி கட்டியாக வந்தாலும் அப்படித்தான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். கீகல் பயிற்சி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் 1948-ல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. பிரசவத்துக்குப் பிறகு இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிற பெண்களுக்காக அவர் இதைச் சொன்னார். (வீட்டில் மனைவிக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. "அட, எனக்குப் பெரியவன் பிறந்தப்ப சொல்லிக் கொடுத்தாங்களே" என்று ஒரு அம்மா கணவருக்குத் தைரியம் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) பிறகு அதே பயிற்சி ஆண்களுக்கும் வந்தது. வரும்போது ஒரு கோளாறும் கூடவே வந்தது. மலத்தை அடக்குகிற மாதிரி ஆசனவாயை இறுக்கச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஆண்களுக்குச் சிறுநீரை அடக்கும் வளையத் தசை முன்பக்கம் இருக்கிறது, ஆசனவாய்த் தசை பின்பக்கம். எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால் ஒன்றை இறுக்கினால் மற்றதும் கொஞ்சம் அசையும், ஆனால் கொஞ்சம்தான்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், ரயன் ஸ்டாஃபோர்ட் ஆகியோரின் குழு இதை அல்ட்ராசவுண்டில் நேரிலேயே பார்த்தது. ஆண்களிடம் விதவிதமாகச் சொல்லி இறுக்க வைத்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் தசை அசைகிறது என்று அளந்தார்கள். ஆசனவாயை இறுக்கச் சொன்னால் ஆசனவாய்த் தசைதான் அதிகம் வேலை செய்தது. சிறுநீர்ப்பையை மேலே தூக்கச் சொன்னால் வயிற்றுத் தசையும் சேர்ந்துகொண்டது. ஆண்குறியைக் குட்டையாக்கச் சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயின் வளையத் தசை நன்றாக வேலை செய்தது. அந்த முடிவு 2016-ல் வெளியானது. அதைப் படித்த பிறகு நான் சொல்லிக்கொடுக்கிற விதமே மாறிவிட்டது.

தமிழில் நான் இப்படிச் சொல்வேன். மார்கழி விடியலில் குளத்துப் படியில் இறங்குகிறீர்கள், தண்ணீர் தொடையைத் தாண்டி இடுப்புக்கு வருகிற அந்த நொடியில் உடம்பு முன்பக்கம் தானாக உள்ளே சுருங்குமே, அந்த இழுப்பு. முதல் தடவை மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு செய்யுங்கள். குறியின் அடிப்பகுதி உடம்புக்குள் லேசாக இழுபட வேண்டும், விதைப்பை கொஞ்சம் மேலே ஏற வேண்டும். வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன்னால் நின்று பார்த்தால் கண்ணாலேயே தெரியும். விதைப்பைக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தால் தசை இறுகுவதும் கையில் படும். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்த்து ஒரு முறை அடையாளம் கண்டுகொள்ளலாம். அதையே தினமும் பயிற்சியாகச் செய்யாதீர்கள், பை முழுசாகக் காலியாகாமல் போகும்.

எது அசையக் கூடாது என்பதும் முக்கியம். வயிறு உள்ளே போகக் கூடாது, பிட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. மூச்சைப் பிடித்தால் வயிற்று அழுத்தம் மேலிருந்து கீழே தள்ளும், நாம் மூடப் பார்க்கிற மதகை நாமே உடைக்கிற மாதிரி. அதனால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணச் சொல்வேன்; எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. பலம் முழுவதையும் போடவும் வேண்டாம். ராணுவத்தில் இருந்தவர், வயலில் உழைத்தவர், எல்லோரும் முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார்கள், முகம் சிவக்கும், கீழே ஒன்றுமே நடந்திருக்காது. பாதி பலம் போதும். இழுப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் முழுசாகத் தளர விடுவதும், ஏனென்றால் தளராத தசை அடுத்த இழுப்புக்கு உதவாது.

அளவு என்று கேட்டால், வழக்கமாகச் சொல்வது இது: ஒரு வேளைக்கு 10 நீண்ட இழுப்பு, பிறகு 10 சட்டென்று இழுத்துச் சட்டென்று விடுவது, ஒரு நாளைக்கு 3 வேளை. நீண்ட இழுப்பை முதலில் 2, 3 வினாடியில் தொடங்கி வாரம் வாரம் கூட்டி 10 வினாடிக்குக் கொண்டுபோகலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே அளவு ஓய்வு. முதல் வாரம் படுத்துக்கொண்டு, அடுத்து உட்கார்ந்து, அடுத்து நின்றுகொண்டு. படுத்தபடியே மாதக்கணக்கில் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுகுவது நிற்கும்போதும் நடக்கும்போதும்தானே, தசைக்கு அங்கேதான் பழக்கம் வேண்டும். டியூப் உள்ளே இருக்கிற நாட்களில் இதைச் செய்யவே கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே நாள் இருந்தால் அப்போதே கற்றுக்கொள்வது ரொம்ப நல்லது, ஏனென்றால் அடிபடாத தசையைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இப்போது "எப்போது" என்கிற விஷயம். எனக்கு இதுதான் பயிற்சியின் உயிர். காலையில் பத்து இழுப்பு முடித்துவிட்டு, அப்புறம் நாற்காலியிலிருந்து எழும்போது அதை மறந்துவிட்டால் என்ன பிரயோஜனம்? அழுத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் மதகு மூடியிருக்க வேண்டும். இருமல் வருகிறது என்று தொண்டை சொன்னதும் முன்பக்கத்தை இழுத்துக்கொண்டு இருமுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பெண்களுக்கு இந்த ஒரே உத்தியைச் சொல்லிக்கொடுத்து, ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது நன்றாகக் குறைந்ததை 1998-ல் வெளியிட்டார்கள். ஒரு வாரத்தில் தசை பெரிதாகிவிடாது, நேரம் மட்டும்தான் மாறியது.

நம் வீடுகளில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு, தரையில் உட்காருவது. பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுவது நாற்காலியிலிருந்து எழுவதைவிடப் பல மடங்கு கடினம். அப்படி எழும்போது முதலில் ஒரு பக்கம் சாய்ந்து கையை ஊன்றி, மூச்சை வெளியே விட்டு, இழுத்துக்கொண்டு, பிறகு எழுங்கள்; எழுந்து இரண்டு அடி வைக்கும்வரை விடாதீர்கள். பஸ் படி ஏறும்போது, பைக்கை ஸ்டாண்டிலிருந்து தள்ளும்போது, பேரப்பிள்ளையைத் தூக்கும்போது, எல்லாவற்றுக்கும் முன்னால் அதே ஒரு இழுப்பு. முதலில் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கும். சில வாரத்தில் கை தானாக வண்டி பிரேக்குக்குப் போவது போல அதுவும் போய்விடும்.

பயிற்சி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லான்செட் என்ற மருத்துவ இதழில் 2000-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரத்து ஆய்வு ஒன்று வந்தது, 102 ஆண்கள். மூன்றாவது மாதத்தில், பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு ஒழுகல் நின்றிருந்தது, பெறாதவர்களில் 56 சதவீதம் பேருக்கு. அதே இதழில் 2011-ல் பிரிட்டனிலிருந்து பெரிய ஆய்வு ஒன்று வந்து இந்த நம்பிக்கையைக் குறைத்தது: ஆபரேஷனாகி 6 வாரம் கழித்தும் ஒழுகியவர்களுக்குத் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தும், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கொடுத்தவர்களில் 76 சதவீதம், கொடுக்காதவர்களில் 77 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஒழுகல் இருந்தது. அதே 2011-ல் அமெரிக்காவில், ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஒழுகிக்கொண்டிருந்த 208 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், 8 வாரப் பயிற்சியும் அன்றாடத்தில் எப்போது இறுக்குவது என்ற பழக்கமும் சேர்ந்து, வாரத்துக்கு 28 தடவை ஒழுகியதை 13 ஆகக் குறைத்தன. கருவி வைத்து அளந்து காட்டுவதையும் மின்சாரத் தூண்டலையும் கூடச் சேர்த்தவர்களுக்கு அதைவிட அதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. அதனால் மெஷினுக்காகக் காசைக் கொட்டாதீர்கள். என் கருத்து இது: பயிற்சி எல்லோரையும் காய வைத்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன், சீக்கிரம் முன்னேறவும், ஒழுகினாலும் வெளியே போய்வரும் தைரியம் வரவும் உதவுகிறது என்பதை அனுபவத்தில் பார்க்கிறேன். தாமதமாகிவிட்டதே என்று நினைக்கிறவர்களுக்கு அந்த அமெரிக்க முடிவு பெரிய ஆறுதல்.

பயிற்சிக்கு வெளியே சில விஷயங்கள் உண்டு, அவற்றில் தண்ணீர்தான் முதல். ஒழுகுகிறதே என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிச்சல்படுத்தும், மலச்சிக்கலும் சேரும், மலத்துக்காக முக்குவது இடுப்புக்கூட்டின் அடியில் இருக்கிற தசையைக் கீழே தள்ளும், கடைசியில் ஒழுகல் கூடும். தாகத்துக்குக் குடியுங்கள், நாள் முழுக்கப் பரவலாகக் குடியுங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். நான்கு டம்ளர் ஃபில்டர் காபியை ஒன்றாக்கியதும் அவசரம் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். வெளியே கிளம்பும் முன் "எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்" என்று அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போவதும் பையைச் சிறிய அளவுக்கே பழக்கிவிடும், மெதுவாக இரண்டு மூன்று மணி நேர இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். சிறுநீர் கழித்து முடித்து வேட்டியைச் சரி செய்த பிறகு நாலு சொட்டு வருகிறதா? அது குழாயின் வளைவில் தேங்கி நிற்பது. விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்னோக்கி மெதுவாக நீவி விட்டால் வந்துவிடும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒழுகலை நிறுத்த நூலோ ரப்பர் பேண்டோ போட்டுக் குறியைக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று தசை அழுகிப்போகும் ஆபத்து உண்டு. அதற்கென்றே செய்த கிளாம்ப் கிடைக்கிறது, டாக்டர் சொல்லி, அவ்வப்போது கழற்றி, தூங்கும்போது போடாமல் பயன்படுத்த வேண்டும். கூச்சத்தில் யாரிடமும் கேட்காமல் வீட்டிலேயே வழி தேடுவதால்தான் இந்த மாதிரி ஆபத்துகள் வருகின்றன. தாம்பத்தியத்தின்போது சிலருக்குக் கசியும், அதுவும் இந்த ஆபரேஷனில் தெரிந்த விஷயம்தான். முன்கூட்டியே பையைக் காலி செய்துவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம், டாக்டரிடமும் தயங்காமல் சொல்லலாம்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்று எண்ணுவது ஏமாற்றும், ஒருவர் நாலு சொட்டுக்கே மாற்றுவார், இன்னொருவர் நிரம்பும் வரை வைத்திருப்பார். சமையலறைத் தராசில் எடை போடுங்கள். காய்ந்த பேடின் எடையை முதலில் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் மாற்றிய எல்லாவற்றையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு நிறுத்து, காய்ந்த எடையைக் கழித்தால் மிச்சம் ஒழுகிய அளவு, ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லி. வாரத்துக்கு ஒரு நாள் போதும். மனசுக்கு "அப்படியேதான் இருக்கு" என்று தோன்றுகிற காலத்திலும் நோட்டில் 400 என்பது 310 ஆகியிருக்கும்.

பெரும்பாலும் முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும், ஒரு வருஷம் வரைகூட மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். ஆபரேஷனோடு கதிர்வீச்சும் வாங்கியவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். ஆறு மாதமாகியும் எண் இறங்கவே இல்லை, அல்லது ஒரு வருஷத்துக்குப் பிறகும் தொந்தரவு பெரிதாக இருக்கிறது என்றால் யூராலஜிஸ்டிடம் அடுத்த வழியைக் கேளுங்கள். குழாயைத் தாங்கிப் பிடிக்கிற நாடா போன்ற ஸ்லிங் இருக்கிறது, குறைவாக ஒழுகுகிறவர்களுக்கு அது பொருந்தும். அதிகம் ஒழுகுகிறவர்களுக்குச் செயற்கைச் சுருக்குவளையம் இருக்கிறது: குழாயைச் சுற்றித் தண்ணீர் நிரம்பிய ஒரு பட்டை, விதைப்பைக்குள் ஒரு சிறு பம்ப், சிறுநீர் கழிக்க வேண்டும்போது பம்பை அமுக்கினால் பட்டை தளரும், சில நிமிடத்தில் தானே மூடிக்கொள்ளும். 1970-களிலிருந்து பொருத்தி வருகிறார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடை எழுதிய அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் இதில் எது உங்களுக்குச் சரிவரும் என்று அவர் சொல்ல முடியும்.